பாயசத்துக்குக் கட்டிய பெல்ட்

டிரைவர் சீட்டின் பெல்ட்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அலாரம் கத்தக் கூடாது என்று ஞானசேகரன் அதை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தங்கச்சி வீடு. இருபது ஸ்பீடுல போறதுக்கு பெல்ட் எதுக்கு?” என்று வாசலில் நின்ற மனைவியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பக்கத்து சீட்டில் ஒரு தூக்கு நிறைய பாயசம். அதற்கு மட்டும் பெல்ட் போட்டு, இரண்டு தடவை ஆட்டியும் பார்த்திருந்தார்.

“உனக்கு மட்டும் என்ன இவ்வளவு மரியாதை?” என்று பொருமியது டிரைவர் சீட்டின் பெல்ட்.

“நான் சிந்திடுவேனாம்” என்றது தூக்கு.

திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஞானசேகரன் பிரேக்கை அழுத்தினார். தூக்கு அசையவில்லை. அவர் மூக்கு ஸ்டீயரிங்கில் மோதி ரத்தம் கொட்டியது.

“நானும் அதே இருபதுலதானே வந்தேன்?” என்றது தூக்கு.

“அதைத்தான் நானும் கேக்கிறேன். நீ சிந்தினா துடைச்சுக்கலாம். இந்த மனுஷன் சிந்தினா?”

ஞானசேகரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூக்கின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“நல்லவேளை” என்றார்.

தூக்கின் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். பிறகு, பழையபடி தன் பெல்ட்டின் மேல் நன்றாகச் சாய்ந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார்.