நாலு பேர், முந்நூறு கிலோ

"அந்தப் பையை எடை போடணும் சார்" என்றார் ஏரிக்கரையில் படகு வாடகைக்கு விடும் படகுக்காரர்.

பளாரென்று அவர் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

மலை மாதிரி மூன்று சகோதரர்கள். கூடவே வாயே திறக்காத அவர்களுடைய அக்கா புருஷன்.

"போர்டுல நாலு பேருன்னு போட்டிருக்குல்ல? எண்ணிப் பாருடா!" என்றான் மூத்தவன்.

"அதுக்குக் கீழேயே முந்நூறு கிலோன்னும் போட்டிருக்கே. நீங்க மூணு பேரே அதைத் தாண்டிடுவீங்க. பை வேற..."

மூத்தவன் துடுப்பைப் பிடுங்கி அவர் வாயிலேயே இடித்தான். ஒரு பல் தெறித்துப் பலகையில் விழுந்தது.

"லைஃப் ஜாக்கெட்டாவது போடுங்க" என்றார் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

"மாமா போட்டிருக்காருல்ல? போதும். அவருக்குத்தான் குளிரு" என்றான் இளையவன். மாமாவின் இரண்டு கைகளும் ஜாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன.

படகு ஏரியின் நடுவே போய் நின்றது. இரண்டு பேர் எழுந்து பையைத் தூக்கியதுதான் கரையிலிருந்து தெரிந்தது. மறுகணம் படகு குப்புறக் கவிழ்ந்தது.

படகுக்காரர் மோட்டார் படகில் பறந்தார். தண்ணீருக்கு மேலே மாமாவின் தலை மட்டும் தெரிந்தது.

"கையைக் குடுங்க!"

"கட்டியிருக்குங்க."

இழுத்துப் போட்டு ஜாக்கெட்டை அவிழ்த்தார். மணிக்கட்டுகளில் நைலான் கயிறு சதையை அறுத்திருந்தது.

"அப்ப அந்தப் பையில?"

"கல்லு. என் கால்ல கட்டறதுக்கு."

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். "நல்லவேளை, நீங்களாவது ஜாக்கெட் போட்டீங்க."

"நான் எங்கேங்க போட்டேன்? கைக்கட்டு உங்க கண்ணுல படக்கூடாதுன்னு அவனுங்கதான் மாட்டிவிட்டானுங்க."