குரல் மாற்றும் திருடி

ராஜபாளையத்துக்கு மின்சாரம் அனுப்பும் நிலையத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பாதுகாப்பில் எங்கே ஓட்டை என்று பார்க்க அங்கே ஒரு விளையாட்டு நடந்தது. பாஸ்வேர்டைக் காப்பவர் சமுத்திரம். திருடியாக நடித்து அதைக் கறப்பவள் உடன் வேலை பார்க்கும் ஆரிபா. விதவிதமாகக் குரல் மாற்றிப் போனில் பேசி, தினமும் அவளே ஜெயித்தாள்.

ஒருநாள் காலையில் போன் அடித்தது.

"மதுரை சீஃப் இன்ஜினியர் பேசுறேன். பாஸ்வேர்டு என்ன?"

"ஏட்டி ஆரிபா, இன்னைக்கு ஒன் பாச்சா பலிக்காது. போனை வையி!"

"யாரைண்ணே ஏசுதீக? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சு லேட்டு, இப்பத்தான் வாரேன்" என்றபடி உள்ளே நுழைந்தாள் ஆரிபா.

அப்படியென்றால் பேசியது உண்மையான சீஃப் இன்ஜினியரேதான் என்று சமுத்திரத்துக்குப் புரிந்தது. மதுரைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார்.

சீஃப் இன்ஜினியர் சிரித்தார்.

"எதுக்கய்யா மன்னிப்பு? சோதிக்கத்தான் எல்லா ஊருக்கும் போன் பண்ணினேன். சொல்லாத ஒரே ஆள் நீங்கதான்!"