உறைந்த எண்ணெய்

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்குள் அம்மாவின் தலைமுடி வெள்ளை வெளேரென்று கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன தமயந்தி, அதன்பிறகு இன்றுதான் இந்த வீட்டுக்குள் வருகிறாள். அவள் போகும்போது அம்மாவின் தலையில் தேடினாலும் ஒரு நரை கிடைக்காது.

"எப்பக்கா இப்படி நரைச்சுது?"

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா கோமளம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ போனியே, அன்னைக்கு" என்றாள்.

தமயந்திக்கு அழுகை வரவில்லை. ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் கேட்டாள். "குளிரு போயிரும், சீக்கிரம்மா" என்றபடி பெட்டிக்காரர் மூடியைத் தூக்கினார். அந்த வெள்ளைத் தலையில் உள்ளங்கையை வைத்தாள். மெழுகைப் போல விறைத்திருந்தது. எடுக்க மனம் வராமல் அப்படியே வைத்திருந்தாள். சற்று நேரத்தில் கைக்கடியில் ஏதோ நெகிழ்ந்தது. விரலிடுக்கில் ஈரம் கசிந்து தேங்காய் எண்ணெய் மணத்தது. கையை எடுத்தாள். வெள்ளைக்கு நடுவே, ஐந்து விரலும் பதிந்த வடிவில், அம்மாவின் கூந்தல் கருகருவென்று மின்னியது.

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரோ தன்னை அறியாமல் கைகூப்பினார்.

"காலையில நான்தான் எண்ணெய் தேச்சுவிட்டேன்" என்றாள் கோமளம். குரல் இறங்கியிருந்தது. "குளிருல உறைஞ்சிருக்கு. அம்மாவுக்கு ஒரு முடி நரைக்கலடி."

பெட்டிக்காரர் மூடியை இறக்க வந்தார். கூந்தலில் கருத்திருந்த விரல் தடங்களின் ஓரத்தில் அதற்குள் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. "இருங்கண்ணே" என்ற கோமளம், தன் இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்து, தங்கையின் கைத்தடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.