நீட்டிய வலது கை

மாலை வெயில் பலா மரத்தைத் தாண்டி வந்து குவார்ட்டர்ஸ் கூடத்துச் சாப்பாட்டு மேஜையில் விழுகிறது. அதன் விளிம்பில் திருகி மாட்டியிருக்கும் விளையாட்டு ஸ்டியரிங்கை இளவேனில் பிடித்திருக்கிறாள். அது அதிரும்போதெல்லாம் மோர் டம்ளர் மெல்ல நகர்கிறது. கணினித் திரையில் அறுபதுகளின் கிராண்ட் பிரீ பந்தயக் கார்கள் சுருட்டு வடிவில் நீண்டு பறக்கின்றன. தடம் ஒரு பழைய விமானத்தளம். மலை இல்லை, கடல் இல்லை. நேர்கோடும் செங்கோணத் திருப்பமும்தான். ஆன்லைனில் யாருக்கும் பிடிக்காத தடம் அது. இதுவரை ஒருமுறைகூட ஜெயிக்காத இளவேனில் இந்தக் கடைசிச் சுற்றில் முதலில் போகிறாள். ஒரு சிவப்புக் கார் பின்னாலேயே ஒட்டி வருகிறது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

“என்னாம்மா, நம்ம பிளாக் ரோடு மாதிரியே இருக்கு? தோ, முனை வருது. ஹாரன் அடி, ஹாரன் அடி!”

“இந்தக் காருல ஹாரனே கிடையாதுப்பா. சும்மா இருங்க!”

தினமும் ஸ்கூட்டரில் பால் வாங்கப் போகிறவள் தங்கள் பிளாக் முனையில் எப்படித் திரும்புவாளோ, அப்படியே வேகத்தைத் தணித்து, ஓரம் உரசாமல் வலப்பக்கம் திரும்புகிறாள். சிவப்புக் கார் வேகம் அடங்காமல் வைக்கோல் கட்டுகளில் போய் மோதுகிறது. திரை முழுக்க வைக்கோல் பொன்னாகப் பறக்கிறது. கட்டம் போட்ட கொடி அசைகிறது. டம்ளர் கவிழ்ந்து, மோரில் வெயில் ஓடுகிறது.

“ஜெயிச்சிட்டேம்பா!” என்று கத்திக்கொண்டே திரும்புகிறாள் இளவேனில். அந்தத் திருப்பத்துக்குச் சிக்னல் காட்ட நீட்டிய வலது கையை அப்பா இன்னும் மடக்கவில்லை.