தேடு என்னும் வினைச்சொல்

மூடிய அறைக்குள் ஸ்ரீவத்சனின் ஆன்லைன் ஸ்பானிஷ் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"லத்தீன்ல 'க்வேரெரே'ன்னா தேடறது. அதுவே இத்தாலியன்ல 'கியேதெரே' ஆகி, கேட்கறதுன்னு அர்த்தமாச்சு. ஃப்ரெஞ்சுல 'கெரிர்', போய் அழைச்சிட்டு வர்றது. ஸ்பானிஷ்ல 'கெரேர்'. அதுக்கு என்ன அர்த்தம், யாராவது சொல்லுங்க... கரெக்ட், சக்தி. காதலிக்கறது."

சமையலறையில் ஸஹானாவின் அம்மா தேங்காயை மிக்ஸியில் போட்டாள். பம்மலிலிருந்து காலையில்தான் வந்திருந்தாள்.

"இப்ப போடாதேம்மா. அவர் கிளாஸ் முடியட்டும்."

அம்மா சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். "எங்கேருந்து போடறது? கரண்ட் இல்லையேடி."

கூடத்தில் மின்விசிறி நின்றிருந்தது. மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஸ்ரீவத்சனின் போன் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது.

"நெட் இல்லாம மாப்பிள்ளை யாருக்குடி பாடம் எடுக்கறார்?"

ஸஹானா குரலைத் தாழ்த்தினாள். "மொழி கத்துக்க ஆப் வந்ததும் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. கடைசியா அந்த சக்தியும் நின்னாச்சு. எனக்குத் தெரியும்னு நான் காட்டிக்கலைம்மா."

"வேற ஏதாவது டவுட் இருக்கா?" என்றது உள்ளேயிருந்து குரல். பிறகு, பதிலுக்குக் காத்திருப்பது போல் அமைதி.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்றது.

அம்மா மிக்ஸியின் ப்ளக்கைச் சத்தமில்லாமல் பிடுங்கி வைத்தாள்.