கழுகுக்கு வந்த கட்டணம்

கடையில் அவனைக் கழுகு என்பார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டதே அவன்தான். சூப்பர் மார்க்கெட்டின் கேமரா அறையில் உட்கார்ந்தபடியே, யார் சட்டைக்குள் எது போகிறது என்று சொல்லிவிடுவான்.

அப்பேர்ப்பட்டவனின் பையிலேயே ஊரிலிருந்து ஒரு கை நுழைந்துகொண்டிருந்தது. அது சொந்த மச்சானின் கை.

மனைவியை இங்கே அழைத்துக்கொள்ள குடும்ப விசா எடுக்கும் வேலையை அவளுடைய தம்பியிடம் விட்டிருந்தான். விண்ணப்பக் கட்டணம், கைரேகைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம், மொழித் தேர்வுக் கட்டணம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இவனும் அனுப்பிக்கொண்டே இருந்தான். போன மாதம் மொழித் தேர்வுக்கு மறுபடியும் கேட்டான்.

இவனுடைய வேலை பெர்மிட்டோ முடியப்போகிறது. கம்பெனி நீட்டிக்கிற மாதிரி தெரியவில்லை. சேர்ந்து வாழாமலேயே மூட்டை கட்ட வேண்டியதுதானா?

கல்லாவில் இருக்கும் அக்காதான் பற்றவைத்தாள். "பொண்டாட்டிக்கு எதுக்கு தம்பி மொழித் தேர்வு? என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிட்டு வந்தப்போ அப்படி ஒண்ணும் கேக்கலையே!"

உடனே விசா அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

"மனைவிக்கு மொழித் தேர்வே கிடையாது சார். ஆமா, உங்க சம்பளம் எவ்வளவு?"

"ஏன், உங்களுக்கும் பங்கு வேணுமா?" என்று சுடச்சுடக் கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

மனைவியின் போன் அணைந்திருந்தது. மச்சானுக்கு அடித்தான், எடுத்தான்.

"மாமா, ஏர்போர்ட்ல இருக்கேன். அப்புறம் பேசறேன்."

ஓடுகிறான்! ஊர் போலீசுக்கு ஒரு புகாரைப் போனிலேயே டைப் செய்தான். கோபத்தில் எழுத்தெல்லாம் தப்பு. திருத்தி மறுநாள் அனுப்பலாம் என்று வைத்தான்.

மறுநாள் திரையில் ஒரு பெண். பெரிய கோட்டு, பெரிய பை. எதையும் எடுக்கவில்லை, கேமராக்களையே தேடித் தேடிப் பார்த்தாள். கழுகு பாய்ந்தது.

"நில்லுங்க! பையைத் திறங்க!"

அவள் திரும்பிச் சிரித்தாள். அவன் மனைவி.

"நீ... எப்படி? விசா வந்துடுச்சா?"

"வேலை விசா. இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. மொழித் தேர்வுல முதல் தடவை கோட்டை விட்டுட்டேன், ரெண்டாவதுல பாஸ். தம்பிதான் ராத்திரி பகலா அலைஞ்சான். நேத்து ஏத்திவிட வந்து ஏர்போர்ட்ல அழுதுட்டான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"வெளிநாட்டுல வேலை பாக்கறேன்னு சொன்னப்போ விழுந்து விழுந்து சிரிச்சீங்களே."

அவன் போனைப் பாக்கெட்டின் அடிவரை தள்ளினான். "அப்ப நான் கேட்ட குடும்ப விசா?"

"உங்க சம்பளத்துக்குக் குடும்பத்தைக் கூப்பிட முடியாதாம். தம்பி மொத நாளே விசாரிச்சுட்டான். என் சம்பளத்துக்கு முடியும். உங்க பெர்மிட் முடியறதுக்குள்ள என்னோட விசாவுல உங்களைச் சேர்த்துக்கலாம். கட்டணம் நானே கட்டிடறேன்."

கேமராக்கள் எல்லாம் தன்னையே பார்ப்பது போல் அவனுக்குக் கூசியது. அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"பயப்படாதீங்க, கூட ஒட்டிக்கிட்டு வர்றவங்களுக்கு மொழித் தேர்வு கிடையாது."