பானெட்டைத் தொடாதே

இந்தக் காலத்தில் யாரை நம்ப முடிகிறது? வண்டியைப் பார்க்கிறேன் என்று வருகிறவன் எதையாவது கழற்றிக்கொண்டல்லவா போகிறான்! ஆம்பூர் பைபாஸ் ஓரம், தன் ஷெட் வாசலில், வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றில் சாய்ந்தபடி கலீமுல்லா பாய் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.

வேலூரில் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காக, அவர் வருவதற்குள் இந்தக் கார் மண்டப வாசலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாடகை போச்சு.

வருஷச் சந்தா கட்டினால், ரிப்பேராகி நிற்கும் வண்டியைக் காசில்லாமல் தூக்கிப்போகும் கம்பெனியிலிருந்து எபனேசர் லாரியோடு வந்தான்.

"இன்னா பாய், போன மாசமும் இங்கதான நின்னுச்சு?"

"வயசான வண்டி நிக்காம, ஓடுமா?"

"பானெட்டத் தொறங்க, ஒரு பார்வை பாத்துர்றேன்."

"தொட்டா கைய ஒடச்சிருவேன்! எல்லாம் ஒரிஜினல் பார்ட்ஸு. உன்ன யாரு நம்புறது? ஏத்து, போதும்."

செயினை மாட்டி இழுத்ததும் கார் பூப்போல லாரியில் ஏறியது.

மாப்பிள்ளைக்கு முன்பே மண்டப வாசலில் இறக்கியாகிவிட்டது. பாய் மூச்சுவிட்டுத் திரும்புவதற்குள், பெரியவருக்கு உதவலாமே என்று எபனேசர் பானெட்டைத் தூக்கிவிட்டான்.

உள்ளே ஒரு காலி டிபன் கேரியர் மட்டும் இருந்தது.

"பாய்... இன்ஜின் எங்க?"

"அத வித்து நாலு வருஷமாச்சு. உங்க கம்பெனிக்கு சந்தா கட்டுறேன்ல, இன்ஜின் எதுக்கு? சாயந்தரம் மறுபடி ரிப்பேர் ஆவும், ஃபோன் பண்றேன்."

கேரியரை எடுத்துக்கொண்டு பிரியாணி வாசனை வந்த பக்கமாக நடந்தார் பாய்.

"தொடாதன்னா தொடுறான். இவனுங்களப் போயி எப்படி நம்புறது!"